முடிவுரை வரும்போது எழுப்புங்கள்

ஒரு காட்டில் ஒரு கட்டுரை இருந்தது. ஒரு சிங்கம் இருந்தது என்றுதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் இது தாய்லாந்தின் வடக்கே உள்ள காடு. அங்கே சிங்கம் கிடையாது. சிங்கம் இல்லாத காட்டையும் யாராவது ஆளத்தானே வேண்டும், அதனால் கட்டுரைகள் ஆண்டன.

அந்தக் காட்டில் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு உண்மை என்று சொல்வது மரியாதைக் குறைவு. அதைப் பற்றி யாராவது கட்டுரை எழுத வேண்டும். காட்டு மன்றத்தின் செயலாளர் அதைத் திருத்திச் சரி சொல்ல வேண்டும். பிறகு எல்லாரையும் கூட்டிவைத்து, கட்டுரை எதைப் பற்றியதோ அதன் பக்கத்திலேயே நின்று உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்துவிட்டால் அது காட்டுக்கே உண்மை. அதற்குப் பின் யாரும் மறுக்க முடியாது. ஓடை வற்றிவிட்டது என்பது இப்படித்தான் ஒருமுறை நிலைநாட்டப்பட்டது. அதற்குள் மழை வந்து ஓடையில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. வெள்ளத்தில் நின்றுகொண்டு எல்லாரும் ஆமோதித்தார்கள்.

விசித் ஓர் இருவாச்சி. பெரிய அலகு, அலகின் மேல் ஒரு கொண்டை, பறந்தால் மலையடிவாரம் வரை கேட்கிற இறக்கைச் சத்தம். கட்டுரை, மன்றம் என்ற பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். ஓடைக்கரையில் நின்ற உயரமான யாங் மரத்தின் மேல்பொந்தில் அவன் மனைவி மாலி அடைகாத்துக்கொண்டிருந்தாள். இருவாச்சிக் குடும்பத்தில் அடைகாப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பெண் பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே போனதும் பறக்கும் இறகெல்லாம் உதிர்ந்துவிடும். குஞ்சு வளர்ந்து, தாய்க்குப் புது இறகு முளைக்கிறவரை வெளியே வர முடியாது. புருஷன் சந்து வழியாக ஊட்டுகிற அத்திப்பழம்தான் சோறு. அதுவரை மரம் நின்றால்தான் குடும்பம்.

மரம் நிற்காது என்று முதலில் சொன்னவன் பூன்மி. அதே மரத்தின் கீழ்ப்பொந்தில் தனியாகக் குடியிருந்த பறக்கும் அணில். இரவெல்லாம் மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போய் இரை தேடுவான். விடிந்ததும் வந்து சுருண்டுகொள்வான். அப்புறம் இடியே விழுந்தாலும் எழமாட்டான். மாலி அடைபட்ட நாளிலிருந்து இரவில் மேல்பொந்துக்குப் பாம்பு ஏறாமல் பார்த்துக்கொண்டவனும் அவன்தான். யாரும் கேட்டுச் செய்ததில்லை. ஒரு விடியற்காலை அவன் விசித்தைக் கூப்பிட்டு வேரடியைக் காட்டினான். வெள்ளை வெள்ளையாகக் காளான் முளைத்திருந்தது. பட்டையைத் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அண்ணே, வேர் போயிருச்சு," என்றான் பூன்மி. "காத்துமழைக்குத் தாங்கும். அவரு வந்து அழுத்திச் சாஞ்சா தாங்காது."

அவர் என்றால் பேராசான். அந்தக் காட்டின் மூத்த யானை. 'முதுகு தேய்த்தலும் மரத்தின் உறுதியும்' என்ற கட்டுரையால் அந்தப் பட்டத்தைப் பெற்றவர். யானை முதுகைத் தேய்த்தால் மரம் உறுதிப்படும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதை நிரூபிக்க ஓடைக்கரை மரங்களில் எல்லாம் முதுகைத் தேய்த்தார். பெரும்பாலானவை விழுந்தன. விழுந்தவை போதிய அளவு தேய்க்கப்படாத மரங்கள் என்று இரண்டாவது கட்டுரை எழுதினார். இந்த வாதத்தில் பலர் ஓட்டையைக் கண்டார்கள். கண்டவர்கள் எல்லாரும் ஓடைக்கரையைவிட்டுக் குடிபெயர்ந்தார்கள். கரையில் இப்போது பாக்கி நின்றது யாங் மரம் ஒன்றுதான். பேராசான் தினமும் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து அதில் முதுகை லேசாகத் தேய்த்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அவர் கீழே ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மேலே மாலியின் முட்டை ஒரு சுற்று உருண்டது.

நேரே போய், ஐயா இந்த மரத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் அந்தக் காட்டில் பிறக்கவில்லை. அங்கே பெரியவர் மனம் ஒரு நூலளவு கோணினால் கோணவைத்தவன் அதற்குப் பிறகு எந்தக் கிளையிலும் நிம்மதியாக உட்கார முடியாது. விசித் போகத்தான் போனான். இறக்கைகளைச் சேர்த்துக் கும்பிட்டான். இன்றைக்குக் காற்று நன்றாக இருக்கிறது என்றான். ஆமாம் என்றார் பேராசான். ஓடைத் தண்ணீரும் தெளிவாகத்தான் ஓடுகிறது என்றான். அதற்கும் ஆமாம் என்றார். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவனிடம், சொல்லியாயிற்றா என்று சந்து வழியாகக் கேட்டாள் மாலி. காற்றும் தண்ணீரும் ஆகிவிட்டது, மரம்தான் பாக்கி என்றான்.

ஆகவே கட்டுரை எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதத் தெரிந்தவர் யார் என்று விசாரித்ததில், குளிருக்குப் பயந்து வடதேசத்திலிருந்து வந்து சதுப்பில் தங்கியிருந்த நாரையாரைக் காட்டினார்கள். அவர் ஒற்றைக்காலில் நின்றபடி உலகத்தில் எந்தக் கட்டுரைக்கும் மூன்றே படிதான் என்றார். முதலில் நீ எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறாய் என்று காட்டு. அடுத்து, உனக்கு முன் பேசியவர்கள் அந்த இடத்தில் விட்டுவைத்த பொந்தைக் காட்டு. மூன்றாவது, நீ போய் அந்தப் பொந்தில் உட்கார்.

"பொந்துல என் சம்சாரம் உக்காந்திருக்காங்க," என்றான் விசித்.

அது வேறு பொந்து என்று நாரையார் சலித்துக்கொண்டார். எதையும் முதல் வரியிலேயே போட்டு உடைக்க வேண்டுமாம். யார் தவறு என்பதை இரண்டாவது வரியில் பெயரோடு சொல்ல வேண்டுமாம். உங்கள் தேசத்தில் அப்படிச் சொன்னால் மரம் விழாமல் இருக்குமா என்று விசித் பணிவாகக் கேட்டான். அது பாட்டுக்கு விழும் என்றார் நாரையார். ஆனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டோம் என்ற திருப்தி இருக்கும்.

அந்தத் திருப்தியை நம்பி விசித் எழுதினான். ஓடைக்கரை யாங் மரம் விழப்போகிறது. அதன் வேர் அழுகிவிட்டது. பேராசான் அதில் முதுகு தேய்ப்பதை நிறுத்த வேண்டும், மரத்தில் இருப்பவர்கள் இறங்க வேண்டும். இவ்வளவுதான் கட்டுரை. எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனான்.

செயலாளர் ஓர் அழுங்கு. மேலெல்லாம் செதில் போர்த்த, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்கிற பிராணி. மன்றத்துக்குப் பொருத்தமான ஆள்தான். விசித் முதல் வரியைப் படித்ததும் அவர் வால் மடிந்தது. இரண்டாவது வரியில் தலை வயிற்றுக்குள் போயிற்று. மூன்றாவது வரியில் பேராசான் பெயரும் நிறுத்த வேண்டும் என்ற சொல்லும் ஒரே மூச்சில் வந்ததும், முழுப்பந்தாகிச் சரிவில் உருண்டுபோய் ஒரு முட்புதரில் மாட்டிக்கொண்டார். விசித் புதருக்கு வெளியே இறக்கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தான். ஓடைப்பக்கமிருந்து அன்றைய தேய்ப்பின் சத்தம் வந்துகொண்டிருந்தது.

நெடுநேரம் கழித்துச் செதில்களின் நடுவிலிருந்து குரல் வந்தது. அழுங்கு கெட்டவர் இல்லை. விசித்தின் நிலைமை அவருக்குப் புரிந்தது. மாலியின் மேல் இரக்கமும் இருந்தது. ஆனால் கட்டுரை என்றால் அதற்கு ஒரு போக்கு உண்டு என்றார். முதலில் உலகம் வர வேண்டும். உலகம் இல்லாமல் காடு ஏது? அடுத்துக் காடு. பிறகு மரம் என்ற பொருளின் பெருமை. பிறகு மரங்களின் வகை. பிறகு மரத்தைப் பற்றிச் சொல்லிப்போன மூத்தோர் ஒவ்வொருவருக்கும் வணக்கம். பிறகு பேராசானுக்கு வணக்கம். அது மற்ற எல்லா வணக்கமும் சேர்ந்ததைவிடக் கொஞ்சம் நீளமாக இருப்பது நல்லது. கடைசியில் எல்லாரும் களைத்திருக்கும் நேரமாகப் பார்த்து, முடிவுரையில், சொல்ல வந்ததைச் சொல்லிக்கொள்ளலாம்.

"பேராசான் தப்பா சொல்லிட்டாருன்னு எழுதாதீங்க தம்பி," என்றார் அழுங்கு, தலையை மட்டும் வெளியே நீட்டி. "பேராசான் நமக்காகக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்காருன்னு எழுதுங்க."

நாம் இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. நம்மூர் ஆண்டுவிழாவில் மேடையிலே வீற்றிருக்கும் என்று ஆரம்பித்து, வீற்றிருப்பவர், வீற்றிருக்க வருவதாகச் சொல்லி வராமல் போனவர், அவர் அனுப்பிய ஆள் என்று பெயர் சொல்லி முடிப்பதற்குள் பந்தல்காரன் நாற்காலியை அடுக்க ஆரம்பித்துவிடுகிறான். நமக்கு வாயைத் திறக்க யோக்கியதை இல்லை.

விசித் மறுபடி எழுதினான். அத்திப்பழம் கொண்டுவரும்போதெல்லாம் எழுதியவரை மாலிக்குச் சந்து வழியாகப் படித்துக்காட்டினான். அவளுக்கும் உள்ளே வேறு பொழுதுபோக்கு இல்லை. அதற்குள் குஞ்சும் பொரித்திருந்தது. அது ஒரு பக்கம் கத்த, இவன் ஒரு பக்கம் ஆதியில் உலகம் நீரால் சூழப்பட்டிருந்தது என்று வாசிக்க, மாலி பழத்தை விழுங்கிவிட்டு, நம்ம மரம் எப்போ வரும் என்று கேட்பாள். இன்னும் காடே வரவில்லை என்பான். கடைசி வரியை மட்டும் படியுங்கள் என்பாள். அது அநாகரிகம் என்பான். எழுத எழுத அவன் பேச்சிலேயே ஒரு வழவழப்பு ஏறிக்கொண்டிருந்தது. மாலி அதைக் கவனித்தாள். பசி நேரம் என்பதால் சண்டைபோடவில்லை.

முடிவுரை மட்டும் இழுபறியாக இருந்தது. மரம் விழும் என்று அவன் எழுதியதை அழுங்கு, மரம் தன் நிலையை மாற்றிக்கொள்ளக்கூடும் என்று திருத்தினார். பிறகு அதுவும் காரமாக இருப்பதாக வருந்தி, இது குறித்து மேலும் ஆராய இடமுண்டு என்று மாற்றினார். விசித் தலையாட்டினான். ஆனால் மனத்துக்குள் ஒன்று நினைத்துக்கொண்டான்: படிக்கும்போது திருத்தத்தை விட்டுவிட்டு மூலத்தைப் படித்துவிட வேண்டும். மன்றத்தில் படித்தால் அது உண்மை. அப்புறம் யானையே ஆனாலும் சாய முடியாது.

படிப்பு நாள் குறித்தார்கள். அப்போதுதான் அழுங்கு வந்து வழக்கத்தை விளக்கினார். படிக்கத் தொடங்கியதிலிருந்து முடிகிறவரை, தலைமை வகிக்கும் ஆசான் கண்ணை மூடித் தும்பிக்கையை மடித்து நிற்பார். கட்டுரைக்கு உரிய பொருளைத் தொடமாட்டார். தொட்டால் தனக்குச் செலுத்தும் வணக்கத்தை உதறியதாகிவிடும். நடுவில் சிற்றுண்டிக்குக் கலையலாம், மறுநாள் தொடரலாம், தப்பில்லை. முடிவுரை ஆனதும் ஆசான் கட்டுரையை ஆசீர்வதிக்க வேண்டும். மரத்தைப் பற்றிய கட்டுரை என்பதால் பேராசான் மிகவும் நெகிழ்ந்துபோய், இதுவரை எந்த மரத்துக்கும் செய்யாத அளவு முழுப்பலத்தோடு முதுகைச் சாய்த்து ஆசீர்வதிக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

விசித்தின் முகத்தில் ஈயாடவில்லை.

படிப்பு நாளன்று விடியும் நேரத்தில் பூன்மி வந்தான். ஊரெல்லாம் சுற்றிய களைப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே, மரத்தைவிட்டு எப்போது இறங்குவது என்று கேட்டான். உடனே போய்விடேன் என்றான் விசித். பூன்மி பதறிப்போனான். கட்டுரை முடிவதற்கு முன்னாலேயே வீட்டைக் காலி செய்தால், அண்ணன் முடிவுரையில் சொல்லப்போவதை இவன் முந்திரிக்கொட்டைபோல் முன்கூட்டியே ஊருக்குச் சொன்னதாகாதா? அண்ணன் இவ்வளவு பாடுபட்டு எழுதியிருக்கிறார். அந்த மரியாதைகூட இல்லாமல் அவன் வளரவில்லை.

"பகல்ல என்னால முழிச்சிருக்க முடியாதுண்ணே," என்றான். "முடிவுரை வரும்போது மரத்துல அலகால ரெண்டு தட்டுத் தட்டி எழுப்புங்க. அப்படியே சறுக்கிப் போயிடறேன்."

எழுப்புகிறேன் என்று விசித் சொன்னான். மனதாரத்தான் சொன்னான்.

படிப்பு தொடங்கியது. மான்கள், மந்திகள், காட்டுக்கோழிகள் எல்லாம் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தன. பேராசான் மரத்துக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி நின்றார். விசித் தாழ்ந்த கிளையில் நின்று உலகத்தில் ஆரம்பித்தான். உலகம் நன்றாகப் போயிற்று. காடும் போயிற்று. மரத்தின் பெருமை வந்தபோது மந்திகள் தலையாட்டின. மூத்தோர் வணக்கத்தில் செத்துப்போன எருமை ஒன்றின் பெயர் வந்ததும் அதன் உறவுக்காரர்கள் அழுதார்கள். பேராசான் வணக்கம் அன்று சாயங்காலம் முடிந்தது. அடுத்த பகுதி முடிவுரை.

விசித் மூலத்தைப் படிக்க வாயைத் திறந்தான். கீழே பார்த்தான். மலைபோல் நின்ற முதுகையும், மரியாதையில் பாதி விரிந்திருந்த அழுங்கையும், கண்கொட்டாமல் தன்னையே பார்க்கிற கூட்டத்தையும் பார்த்தான். மேலே சந்துக்குள் மாலி குஞ்சைத் தன்னோடு அணைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவளுக்கு இறக்கையில் இன்னும் பாதி இறகுகூட வரவில்லை. மூலத்தைச் சொல்ல வாய் வரவில்லை. திருத்தத்தைச் சொன்னால் ஆசீர்வாதம். இரண்டுக்கும் நடுவில் நின்றவன், தன்னையறியாமல் ஒரு வாக்கியம் சொன்னான்.

"ஆயினும், முடிவுரைக்குச் செல்லுமுன், உலகம் என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகக் காண்பது பொருத்தமாகும்."

கூட்டத்தில் ஒரு முனகல்கூட இல்லை. அழுங்கு மெய்சிலிர்த்துப்போனார். இவ்வளவு அடக்கமான ஒரு கட்டுரையாளரை அவர் பார்த்ததில்லை. பேராசான் கண்ணைத் திறக்காமலே காதை விசிறினார். மறுநாள் தொடர்வது என்று சொல்லிக் கலைந்தார்கள். அன்று காலையும் தேய்ப்பு இல்லை, மாலையும் இல்லை.

சந்தின் அருகே போய் உட்கார்ந்த விசித் வெட்கத்தில் தலை குனிந்திருந்தான். இத்தனை நாள் எழுதி, சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் கோட்டை விட்டுவிட்டேன் என்றான். மாலி ஒரு பழத்தை வாங்கி விழுங்கிவிட்டு யோசித்தாள்.

"கட்டுரை முடியாத வரைக்கும் அவரு தொடமாட்டாரு, அப்படித்தானே?" என்றாள். "எனக்கு இறகு முளைக்கிற வரைக்கும் நீங்க உலகத்துலயே இருங்க."

அன்றிலிருந்து விசித் படித்த படிப்பு அந்தக் காடு அதுவரை கேளாதது. உலகத்தை முடித்துக் காட்டுக்கு வந்தான், காட்டிலிருந்து மறுபடி உலகத்துக்குப் போனான். மரத்துக்கு இலை ஏன் என்று கேட்டு, அதற்கு விடை சொல்லுமுன் பச்சை நிறத்துக்கு வணக்கம் செலுத்தினான். பேராசானை வணங்கினான், அவரைப் பெற்ற தாயை வணங்கினான், அவர் குளித்த ஓடையை வணங்கினான், ஓடையில் அவர் மேல் படாமல் ஓடிப்போன தண்ணீரின் துர்ப்பாக்கியத்துக்கு வருந்தினான். ஒவ்வொரு நாளும் முடிவுரை வாசல் வரை வந்து, ஆயினும் என்று திரும்பினான். முதலில் பயத்தில் செய்தான். பிறகு மனைவிக்காகச் செய்தான். நாள் போகப்போக, ஆயினும் என்று சொல்லும் இடத்தில் குரலை எப்படி இறக்கினால் கூட்டம் உருகும் என்பது அவனுக்குப் பிடிபட்டது. அதற்கப்புறம் அதை அவன் ரசித்துச் செய்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

பூன்மி ஒவ்வொரு விடியலிலும் வந்து, இன்றைக்கா அண்ணே என்று கேட்பான். இல்லை என்பான் விசித். சரி, வரும்போது எழுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் பூன்மி தன் பொந்துக்குள் போய்விடுவான். கேட்டுக் கேட்டு விசித்துக்கு அது எரிச்சலாகக்கூட ஆரம்பித்தது. கட்டுரையின் நயத்தில் ஒரு சொல்லைக்கூடக் கேட்காதவன் முடிவை மட்டும் கேட்கிறானே என்று நினைத்தான்.

கடைசியில் அந்தக் காலை வந்தது. விசித் பேராசானின் நிழலுக்கு வணக்கம் செலுத்திக்கொண்டிருந்தபோது மேலே மண்பூச்சு உடைகிற சத்தம் கேட்டது. மாலி வெளியே தலை நீட்டினாள். உதிர்ந்ததெல்லாம் முளைத்து, கருகருவென்று பளபளத்த இறக்கைகளை விரித்து ஒரு வீச்சு வீசினாள். ஓடைக்கு அப்பால் நின்ற அத்திமரத்தில் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே குஞ்சும் தட்டுத்தடுமாறிப் பறந்து போய்ச் சேர்ந்தது. விசித்துக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்த கல் இறங்கியது. கூட்டம் அந்தக் கண்ணீரை நிழலுக்கு உரியது என்று எண்ணித் தானும் அழுதது.

இனி முடிவுரைதான். இனிப் பயப்பட என்ன இருக்கிறது? வேர் அழுகிவிட்டது, யாரும் சாயாதீர்கள், மரத்தில் இருப்பவர்கள் இறங்குங்கள். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். விசித் வாயைத் திறந்தான்.

கீழே அழுங்கு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக முழுவதும் விரிந்து, நீட்டிப் படுத்திருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார், பேராசான் மிகவும் மகிழ்ந்திருக்கிறார், இணை ஆசான் பட்டத்துக்கு உங்கள் பெயரைத்தான் சொல்லப்போகிறார், முடிவுரை மட்டும் இதே நயத்தில் அமைந்துவிட்டால் போதும் என்று.

விசித் அத்திமரத்தைப் பார்த்தான். மனைவி பத்திரம், பிள்ளை பத்திரம். பூன்மியின் நினைவு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. கீழ்ப்பொந்து அவன் நின்ற கிளைக்கு அடியிலேயே இருந்தது. குனிந்தால் அலகு எட்டும். ஆனால் இவ்வளவு அமைதியான நேரத்தில் டொக் டொக் என்று தட்டினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஏன் தட்டினாய் என்று கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டிவரும். காரணம் சொன்னால் அது முடிவுரை ஆகிவிடும். மேலும், முடிவுரை வரும்போது எழுப்பச் சொன்னானே தவிர, வராவிட்டால் எழுப்பச் சொல்லவில்லையே என்றும் அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஓர் ஆறுதல் இருந்தது.

"இது குறித்து மேலும் ஆராய இடமுண்டு," என்று படித்து முடித்தான்.

காடே எழுந்து நின்றது. பேராசான் கண்ணைத் திறந்தார். அத்தனை நாள் தொடாமல் இருந்த ஏக்கமெல்லாம் சேர்ந்து, இரண்டடி முன்னால் போய், ஆசையாக, முழு எடையோடு பின்னால் சாய்ந்தார்.

மரம் பெரிய சத்தம்கூடப் போடவில்லை. வேர் இருந்தால்தானே முறிவதற்கு. ஒரு பெருமூச்சோடு சரிந்து ஓடைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. கீழ்ப்பொந்து இருந்த பக்கம் அடியில் போயிற்று. தூசி அடங்குகிறவரை, கிளையைவிட்டுப் பறந்து தரையில் இறங்கியிருந்த விசித் அந்தப் பக்கம் பார்க்காமல் தன் இறகைக் கோதிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து யாரும் எழுந்து வரவில்லை.

மன்றம் அன்றே கூடி விஷயத்தை ஆராய்ந்தது. விசித்தின் படிப்பு நடந்த நாள்கள் முழுவதும் முதுகு தேய்த்தல் தடைப்பட்டிருக்கிறது; தேய்ப்பு நின்றதும் மரம் உறுதி இழந்து விழுந்திருக்கிறது. ஆகவே பேராசானின் கொள்கை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. அதற்குச் சான்றாக விசித்தின் கட்டுரை இனி எல்லாக் கட்டுரைகளிலும் மேற்கோள் காட்டப்படும். விசித் இணை ஆசான் ஆனான். கட்டுரையின் நன்றியுரையில் ஒரு வரி சேர்த்தார்கள்: படிப்பு முழுவதிலும் குறுக்கிடாமல் உறங்கி ஒத்துழைத்த கீழ்ப்பொந்து பூன்மிக்கும் நன்றி.

நாரையார் ஊர் திரும்பும் வழியில் விழுந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு போனார். தன் தேசம் போய்ச் சேர்ந்ததும், ஒரு மரம் விழுந்தது என்று முதல் வரியிலேயே எழுதினாராம். இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டுத் திருப்பிவிட்டார்களாம்.

அன்று மாலை விசித் அத்திமரத்துக்குப் பறந்து போனான். பரிசாகக் கிடைத்த பூங்கொத்து அலகில் இருந்தது. குஞ்சு அதைப் பழம் என்று நினைத்து வாயைத் திறந்தது. மாலி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் அவளுக்கும் பாம்புக்கும் நடுவில் இருந்தவன் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

"பூன்மி தம்பியை எழுப்பினீங்களா?" என்று கேட்டாள்.

விசித் பூங்கொத்தைக் கீழே வைத்தான். இறக்கைகளை மடித்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"உறக்கம் என்பது," என்று ஆரம்பித்தான், "உலகத்து உயிர்கள் அனைத்துக்கும் பொதுவானதாகும்."

மாலி குஞ்சைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் பறந்துவிட்டாள். அவன் அதைப் பார்க்கவில்லை. வணக்கம் சொல்லும் பகுதிக்காகக் கண்ணை மூடியிருந்தான். பொழுது சாயும்போது அவன் உறக்கத்தின் வகைகளுக்கு வந்திருந்தான்.

நீதி: உண்மையைச் சொல்வதற்கு முன் உன் வீட்டார் பத்திரமாக வெளியே வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள். வந்துவிட்டார்கள் என்றால், அப்புறம் உண்மைக்கு என்ன அவசரம்?